சாமி ஃபார்ஹா கையில் இரண்டு முறை டாப் பேர்: 2003 இறுதியாட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

2003 மே மாதம். லாஸ் வேகாஸில் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற பழைய கேசினோ. உலக போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குத் தலைக்கு 10,000 டாலர் கட்டி 839 பேர் உட்கார்ந்தார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் இருவர். ஒருவர் கிறிஸ் மணிமேக்கர், டென்னசியைச் சேர்ந்த 27 வயதுக் கணக்காளர். ஆன்லைன் தகுதிச் சுற்றில் ஜெயித்து இடம் பிடித்தவர். இன்னொருவர் சாமி ஃபார்ஹா. லெபனானில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர், பெரிய பண ஆட்டங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர், 1996-லேயே ஒமாஹா என்ற போக்கர் வகையில் இந்தத் தொடரின் வெற்றியாளருக்கான பிரேஸ்லெட்டை வாங்கியவர். ஜெயிப்பவருக்கு 25 லட்சம் டாலர், தோற்பவருக்கு 13 லட்சம்.

இந்த இறுதியாட்டத்தை எல்லோரும் மணிமேக்கரின் பிளஃப் (பலமில்லாத கையைப் பலமானதாகக் காட்டி மிரட்டுவது) கதையாகத்தான் சொல்கிறார்கள். நான் பலமுறை பார்த்த பிறகு எனக்கு அது ஒற்றை ஜோடியின் கதையாகவே படுகிறது. பேசப்படும் இரண்டு ஆட்டங்களிலும் ஃபார்ஹாவுக்கு ஃப்ளாப்பில் டாப் பேர் விழுந்தது. முதல் முறை ஜெயிக்கிற கையை மடித்து வைத்தார். இரண்டாம் முறை தோற்கிற கைக்கு எல்லாவற்றையும் தள்ளினார். நம்மில் பலர் வாரக் கடைசியில் காசு வைக்காமல் வெறும் சிப்புகளோடு ஆடும்போதுகூட இதே இரண்டு தவறுகளைத்தான் மாற்றி மாற்றிச் செய்கிறோம். அதனால்தான் இந்த ஆட்டங்களைப் பிரித்துப் பார்க்கத் தோன்றியது.

ஆட்டம் புதிதானவர்களுக்குச் சில வரிகள். ஆளுக்குக் கையில் இரண்டு சீட்டு. மேசையில் முதலில் திறக்கும் மூன்று சீட்டுகள் ஃப்ளாப், நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர். நடுவில் குவியும் சிப்புகள் பாட். ஃப்ளாப்பின் மிகப் பெரிய சீட்டோடு உங்கள் சீட்டு ஒன்று ஜோடி சேர்ந்தால் டாப் பேர். பக்கத்தில் இருக்கும் மற்றச் சீட்டு கிக்கர். சிப்பு வைப்பது பெட், அதை உயர்த்துவது ரெய்ஸ், அதே அளவு போட்டுத் தொடர்வது கால், எதுவும் வைக்காமல் விடுவது செக், எல்லாச் சிப்பையும் தள்ளுவது ஆல்-இன். ஒரே ஜாதியில் ஐந்து சீட்டு ஃப்ளஷ், அடுத்தடுத்த எண்களில் ஐந்து சீட்டு ஸ்ட்ரெய்ட், அவை முடிய இன்னும் சீட்டுக்குக் காத்திருக்கும் கை டிரா.

முதல் ஆட்டம்: இஸ்பேட் ராணி, ஆட்டின் 9

மணிமேக்கர் இஸ்பேட் ராஜாவும் ஆட்டின் 7-உம் வைத்துக்கொண்டு 1 லட்சத்துக்கு ரெய்ஸ் செய்தார். ஃபார்ஹா ராணி-9 வைத்து கால் செய்தார். ஃப்ளாப்: இஸ்பேட் 9, டைமண்ட் 2, இஸ்பேட் 6. ஃபார்ஹாவுக்கு டாப் பேர், ராணி கிக்கர். இருவர் மட்டும் ஆடும் ஆட்டத்தில் இது நல்ல பலமான கை.

ஃபார்ஹா செக். மணிமேக்கரும் செக்.

டர்னில் இஸ்பேட் 8. இப்போது ஃபார்ஹா 3 லட்சம் பெட் வைத்தார். மணிமேக்கர் 8 லட்சமாக உயர்த்தினார். ஃபார்ஹா கால். ரிவரில் ஆட்டின் 3, யாருக்கும் உதவாத சீட்டு. ஃபார்ஹா செக் செய்ய, மணிமேக்கர் ஆல்-இன். அவர் கையில் ஒரு ஜோடிகூட இல்லை. ஃபார்ஹா நெடுநேரம் யோசித்தார். ஃப்ளஷ்ஷுக்குக் காத்திருந்து அது வராமல் போயிருக்கும் என்று வாய்விட்டே சொன்னார். சொன்னது சரி. அப்புறம் சீட்டை மடித்துவிட்டார்.

எல்லோரும் ரிவரைத்தான் பேசுவார்கள். ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தால் சிக்கல் ஃப்ளாப்பிலேயே ஆரம்பித்தது தெரியும். ஃப்ளாப்பில் தெரியாத சீட்டுகள் 45. அதிலிருந்து இரண்டு வரக்கூடிய விதங்கள் 990. அதில் மணிமேக்கரின் ராஜா-7 ஜெயிப்பது 183 விதங்களில், அதாவது 18.5 சதவீதம். ஒரு ராஜா வரவேண்டும், இல்லையென்றால் அடுத்தடுத்து இரண்டு இஸ்பேட், அல்லது 8-உம் கூடவே 5 அல்லது 10-உம், அதுவும் இல்லையென்றால் இரண்டு 7. எல்லாமே தூரத்துக் கனவுகள்.

இஸ்பேட் 8 விழுந்ததும் நிலைமை மாறியது. இப்போது 8 இஸ்பேட்கள் அவருக்கு ஃப்ளஷ் தரும். இஸ்பேட் அல்லாத 5-களும் 10-களும் ஆறு, அவை ஸ்ட்ரெய்ட் தரும். மூன்று ராஜாக்கள் இன்னும் உண்டு. மொத்தம் 44-இல் 17 சீட்டு, 38.6 சதவீதம். இலவசமாகப் பார்த்த ஒரே ஒரு சீட்டில் அவர் வாய்ப்பு இரட்டிப்புக்கு மேல் ஏறிவிட்டது.

ஃபார்ஹாவின் செக்கை முழுத் தவறு என்று சொல்லமாட்டேன். ஃப்ளாப்புக்கு முன் ரெய்ஸ் செய்தவர் மணிமேக்கர். அவரே பெட் வைக்கட்டும், அப்புறம் உயர்த்தலாம் என்று நினைத்திருந்தால் அது நியாயமான திட்டம்தான். ஆனால் 9-6-2 போன்ற ஃப்ளாப்பில், இரண்டு இஸ்பேட் கிடக்கும்போது, 9 என்ற ஜோடிக்கு ஆயுள் குறைவு. 10, ஜாக்கி, ராஜா, ஏஸ் எது வந்தாலும் அது டாப் பேராக இருக்காது. ராஜா ஜோடி வைத்திருப்பவர் ஒரு சீட்டைச் சும்மா காட்டலாம். 9 ஜோடி வைத்திருப்பவரால் அது முடியாது. 2 லட்சம் பாட்டுக்கு ஒன்றேகால் லட்சம் முன்கூட்டியே வைத்திருந்தால், ராஜா-7 போன்ற கை அந்தச் சீட்டைப் பார்க்கக் காசு கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் மடித்தும் இருக்கும்.

தவறவிட்ட பெட்டை டர்னில் ஈடுகட்டப் பார்த்தார் ஃபார்ஹா. 2 லட்சத்துக்குச் சற்று மேலான பாட்டில் 3 லட்சம் என்பது ஒன்றரை மடங்கு. பலமில்லாத கைகளை எல்லாம் அது விரட்டிவிடும். எஞ்சுவது பலமான கையோ பெரிய டிராவோதான். ஒற்றை ஜோடிக்குக் காசு கொடுக்கக்கூடிய சின்ன 9-கள், 8-கள் எல்லாம் அந்த விலைக்கு ஓடிவிடும். அதாவது, தனக்குத் தோற்கும் கைகளைத் துரத்திவிட்டு, தன்னை மிரட்டக்கூடிய கைகளோடு மட்டும் அவர் தனியாக நின்றார். 8 லட்ச ரெய்ஸுக்கு கால் செய்தது சரியே: 5 லட்சம் போட்டு 13 லட்சத்தைப் பிடிக்கும் வாய்ப்பு, 27.8 சதவீதம் ஜெயித்தால் போதும், அவருக்கு 61.4 சதவீதம் இருந்தது. ஆனால் அந்த கால் முடிந்தபோது பாட் 18 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு 9 ஜோடிக்கு அது தாங்க முடியாத எடை.

ரிவரில் அவருக்கு உதவியிருக்க வேண்டிய ஒரு விஷயம் கையிலேயே இருந்தது: இஸ்பேட் ராணி. மேசையில் மூன்று இஸ்பேட், அவரிடம் ஒன்று. மிச்சம் 9 இஸ்பேட்தான். அதில் இரண்டு சேரும் விதங்கள் 36. ராணி அவரிடம் இல்லாமல் இருந்திருந்தால் 45. எதிராளியிடம் முடிந்த ஃப்ளஷ் இருப்பதற்கான வழிகளில் ஐந்தில் ஒன்றை அவரே பிடித்து வைத்திருந்தார். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாட்டில் ஏற்கெனவே பணம் இருக்கும்வரை, ஆல்-இன் எவ்வளவு பெரிதானாலும் கால் செய்ய 50 சதவீதத்துக்குக் குறைவான வாய்ப்பே போதும். பாட் அளவு பெட் என்றால் 33.3 சதவீதம், அதன் இரட்டிப்பு என்றால் 40. ஃபார்ஹா எதிராளியைச் சரியாகப் படித்தார். படித்ததை நம்ப மட்டும் மனம் வரவில்லை. உலகப் பட்டத்துக்கான மேசையில், ஒரு ஜோடி 9-ஐ வைத்துக்கொண்டு மொத்தத்தையும் பணயம் வைக்க யாருக்குத்தான் மனம் வரும்? அதனால்தான் அந்தக் கட்டத்துக்குப் போகும் முன்பே பாட்டின் அளவை அவர் கையில் எடுத்திருக்க வேண்டும் என்கிறேன்.

ஒற்றை ஜோடி எத்தனை பெட்டைத் தாங்கும்

நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான். ஃப்ளாப் விழுந்த உடனே, பெட்டை எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி.

பாட்டில் 10 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளாப்பில் பாதி பாட், 5 வைக்கிறீர்கள். கால் வந்தால் பாட் 20. டர்னில் 10, பாட் 40. ரிவரில் 20, பாட் 80. ஆளுக்கு 35 உள்ளே போயிருக்கிறது. இதில் ஒரு சுற்றை மட்டும் செக் செய்து விட்டால்? 5-உம் 10-உம், மொத்தம் 15. ஒரே ஒரு செக் 35-ஐ 15 ஆக்குகிறது. எத்தனை சுற்று பெட் வைக்கிறோம் என்பதுதான் பாட்டின் அளவை முடிவு செய்கிறது. ஒவ்வொரு பெட்டின் அளவும் அதற்கு அடுத்துதான்.

கையில் மிச்சம் இருக்கும் சிப்பை ஃப்ளாப் பாட்டோடு ஒப்பிடுவதும் இங்கேதான் பயன்படும். பாட் 10, கையில் 35 என்றால் மூன்றே பாதி-பாட் பெட்டில் எல்லாம் உள்ளே போய்விடும். அந்த நிலையில் நல்ல டாப் பேரோடு கடைசிவரை போகலாம், பின்வாங்க அதிகம் யோசிக்க வேண்டாம். பாட் 10, கையில் 150 என்றால் கதை வேறு. அங்கே எல்லாச் சிப்பும் உள்ளே போகிறது என்றால் எதிராளி எங்கோ உயர்த்தியிருக்கிறார், ஒரு ஜோடியை அவர் ஜெயித்துவிட்டார் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

ஒரு உதாரணம். கையில் ஏஸ்-ராஜா. ஃப்ளாப் ராஜா-8-3, மூன்றும் வேறு வேறு ஜாதி. உங்களுக்குக் காசு கொடுக்கக்கூடிய தோற்கும் கைகள்: ராஜா-ராணி 8 விதம், ராஜா-ஜாக்கி 8, ராஜா-10 எட்டு. மொத்தம் 24. உங்களை ஜெயிக்கும் கைகள்: மூன்று 8 சேர்வது 3 விதம், மூன்று 3 சேர்வது 3, மூன்று ராஜா 1, ராஜா-8 இரண்டு ஜோடி 6. ஆக 13. ஃப்ளாப்பில் தயங்காமல் பெட் வைக்கலாம், டர்னிலும் வைக்கலாம். டிரா எதுவும் இல்லாத காய்ந்த ஃப்ளாப் என்பதால் மூன்றில் ஒரு பங்கு பாட் போதும். ராஜா-10-ஐ விரட்ட நமக்கு விருப்பமில்லை, அது தங்க வேண்டும். ஆனால் டர்னில் எதிராளி பெரிதாக உயர்த்தினால்? ராஜா-10 வைத்திருப்பவர் ஏன் உயர்த்துவார்? அந்த 24 விதங்களும் சட்டென்று காணாமல் போகின்றன, 13 மட்டும் நிற்கிறது. பெட் வைத்துவிட்டு ரெய்ஸ் வந்தால் மடிப்பது கோழைத்தனம் என்று பலர் நினைக்கிறார்கள். பலமான ஒற்றை ஜோடியை ஆடுவதில் எனக்குத் தெரிந்த மிகப் பயனுள்ள பழக்கமே அதுதான்.

ஈரமான ஃப்ளாப்பில், அதாவது ஒரே ஜாதியில் இரண்டு சீட்டும் அடுத்தடுத்த எண்களும் கிடக்கும் ஃப்ளாப்பில், விலையை ஏற்ற வேண்டும். ஃப்ளஷ் டிராவுக்கு 9 சீட்டு உதவும். அடுத்த ஒரு சீட்டில் வருவதற்கு 19.1 சதவீதம், இரண்டு சீட்டும் பார்த்தால் சுமார் 35. மூன்றில் ஒரு பங்கு பாட் வைத்தால் எதிராளிக்குத் தேவை 20 சதவீதம்தான். கிட்டத்தட்ட நியாய விலைக்கு அவருக்குச் சீட்டு விற்கிறீர்கள். பாதி பாட் என்றால் 25, முழுப் பாட் என்றால் 33.3. ஈரமான ஃப்ளாப்பில் நான் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே இறங்குவதில்லை. டிராவில் இருப்பவர்கள் எப்படியும் கால் செய்வார்கள், அதிக விலைக்குச் செய்யட்டும். மேசையில் மூன்று நாலு பேர் இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: யாராவது ஒருவரிடம் இரண்டு ஜோடியோ பெரிய டிராவோ இருந்தே தீரும் என்று நினைத்தே ஆடுவேன்.

கிக்கரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ராஜா-ராணியும் ராஜா-4-உம் இரண்டுமே டாப் பேர்தான், ஆனால் முதலாவது மூன்று பெட் தாங்கலாம், இரண்டாவதுக்கு ஒன்றே அதிகம்.

இரண்டாம் ஆட்டம்: ஆட்டின் ஜாக்கி, டைமண்ட் 10

அந்த பிளஃப்புக்குச் சற்று நேரம் கழித்து. ஃபார்ஹா ஜாக்கி-10 வைத்து ரெய்ஸ் செய்தார். மணிமேக்கர் டைமண்ட் 5, இஸ்பேட் 4 வைத்து கால். ஃப்ளாப்: இஸ்பேட் ஜாக்கி, இஸ்பேட் 5, கிளாவர் 4.

மறுபடியும் ஃபார்ஹாவுக்கு டாப் பேர். மணிமேக்கருக்கு இரண்டு ஜோடி. மணிமேக்கர் செக், ஃபார்ஹா பெட், மணிமேக்கர் ரெய்ஸ், ஃபார்ஹா ஆல்-இன், மணிமேக்கர் கால். சில நொடிகளில் முடிந்தது.

ஃப்ளாப் பெட் சரி, முழுக்கச் சரி. இரண்டு இஸ்பேட், அடுத்தடுத்து 5-4, ஈரமான ஃப்ளாப். முந்தைய ஆட்டத்தில் செய்யாததை இங்கே செய்தார். நான் தடுமாறுவது அதற்கு அடுத்த முடிவில்தான்.

செக் செய்துவிட்டு ரெய்ஸ் செய்யும் எதிராளியிடம் என்ன இருக்கலாம்? ஃபார்ஹாவின் கையிலிருந்து எண்ணிப் பார்ப்போம். இரண்டு ஜோடிகளில் 5-4 ஒன்பது விதம், ஜாக்கி-5 ஆறு, ஜாக்கி-4 ஆறு. மூன்று ஒன்றாகச் சேர்ந்தவை: 5-கள் 3, 4-கள் 3, ஜாக்கிகள் 1. ஆக 28. ஏஸ், ராஜா, ராணி கிக்கரோடு ஜாக்கி இருப்பது ஒவ்வொன்றும் 8 விதம், 24. மறுபக்கம், இரண்டு இஸ்பேட் சேரும் விதங்கள் மட்டும் 55. 7-6, 6-3, 3-2 போன்ற ஸ்ட்ரெய்ட் டிராக்கள் அதன் மேல். எல்லாவற்றையும் ஒருவர் ரெய்ஸ் செய்யமாட்டார், ஆனாலும் டிராக்கள் அதிகம் என்பது உண்மை. சற்று முன்புதான் இதே மனிதர் இல்லாத ஃப்ளஷ்ஷைக் காட்டி பிளஃப் செய்தார் என்ற சந்தேகம் வேறு ஃபார்ஹா மனதில் இருந்திருக்கும். டிரா என்று நம்பித் தள்ளியதில் தர்க்கம் இல்லாமல் இல்லை.

ஆனால் மூன்று விஷயங்கள் எனக்கு உறுத்துகின்றன. ஃபார்ஹாவின் கையில் இருந்த சிப்பு ஃப்ளாப் பாட்டைப் போலப் பல மடங்கு. 35-க்கு 10 என்ற சௌகரியமான நிலையை விட்டு வெகு தூரம். அவர் கிக்கர் 10, அதாவது மேலே மூன்று கிக்கர்கள் அவரை ஜெயிக்கும். மூன்றாவதுதான் பெரிது: ஃப்ளாப்புக்கு முன் சின்ன பிளைண்ட் (கட்டாயமாக முன்கூட்டியே வைக்கும் சிறிய தொகை) வைத்தவர் அவர், இருவர் ஆட்டத்தில் அவரே கடைசியாகப் பேசுவார். டர்னில் மணிமேக்கர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கும் வசதி அவரிடம் இருந்தது. ஆல்-இன் என்ற ஒரே வார்த்தையில் அந்த வசதியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

ஆல்-இன் செய்தால் யார் கால் செய்வார்கள்? இரண்டு ஜோடிகள் எல்லாம் செய்யும். பெரிய டிராக்கள் சில செய்யும், அவற்றுக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. வெறும் பிளஃப்பும் சின்ன டிராக்களும் மடித்துவிடும். அவற்றிடமிருந்துதான் ஒரு ஜோடி அதிகம் சம்பாதிக்க முடியும். வெறுமனே கால் செய்திருந்தால் அவை எல்லாம் உள்ளேயே இருந்திருக்கும். இஸ்பேட் வந்தாலோ 6, 7 போன்ற சீட்டு வந்தாலோ எச்சரிக்கையாகலாம், வராவிட்டால் மறுபடியும் பார்க்கலாம்.

சிப்புகள் நடுவில் போனபோது ஜாக்கி-10-க்கு மிஞ்சியிருந்தது 990-இல் 243 விதங்கள், 24.5 சதவீதம். இன்னொரு ஜாக்கியோ 10-ஓ வரவேண்டும். அல்லது டர்னும் ரிவரும் தமக்குள் ஜோடி சேர்ந்து ஃபார்ஹாவின் ஜாக்கி ஜோடியை மணிமேக்கரை மிஞ்சும் இரண்டு ஜோடியாக்க வேண்டும். அதற்கு மட்டும் 54 விதங்கள் உண்டு, பலர் கணக்கில் எடுக்க மறப்பது.

முதல் ஆட்டத்தில் பெட் தாமதமாக வந்தது, பாட் அவர் கட்டுப்பாட்டை மீறி வளர்ந்தது, பயந்து மடித்தார். இரண்டாம் ஆட்டத்தில் பெட் சரியான நேரத்தில் வந்தது, ஆனால் அதற்கு வந்த பதிலைக் கேட்கவில்லை. முதல் ஆட்டத்தில் போன சிப்புகள் இரண்டாவதில் அவர் பொறுமையைக் குறைத்திருக்கலாம். அது மனித இயல்பு. பெரிய தோல்விக்குப் பிறகு டாப் பேர் விழும்போது அதன் பலம் கண்ணுக்கு இரட்டிப்பாகத் தெரியும்.

டர்னில் டைமண்ட் 8 விழுந்தது. இஸ்பேட் இல்லை, ஸ்ட்ரெய்ட் டிராக்களில் 7-6 மட்டும்தான் முடிந்திருக்கும். ஃபார்ஹா கால் மட்டும் செய்திருந்தால் மணிமேக்கர் அங்கே மறுபடியும் பெரிதாக பெட் வைத்திருப்பார், ஃபார்ஹா அந்த பெட்டையும் கால் செய்திருப்பார் என்றே நினைக்கிறேன். ரிவரில் ஆட்டின் 5. இப்போது மேசையில் 5 ஜோடியாகக் கிடக்கிறது, இஸ்பேட்கள் வரவே இல்லை, எதிராளி மூன்றாம் முறையும் தள்ளுகிறார். அந்த இடத்தில் ஜாக்கி-10-ஐ மடிக்க அவரால் முடிந்திருக்கும். கையில் கொஞ்சம் சிப்போடு அடுத்த சீட்டுக்கு உட்கார்ந்திருப்பார்.